கை இறங்காத அல்லேலூயா

என் மனைவி ஜெயசீலிக்கு இரண்டு வேலை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஊரப்பாக்கத்தில் எங்கள் சபையின் சிறுவர் பாடகர் குழுவுக்குத் தலைவி. இந்த இரண்டாவது வேலையில் மாட்டிக்கொண்டவன் நான். சனிக்கிழமை சாயந்திரம் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு எலுமிச்சை ஜூஸ் கலக்குவது, காணாமல் போன செருப்பைத் தேடுவது, “அங்கிள், இவ என்னைக் கிள்ளிட்டா” என்று வரும் வழக்குகளை விசாரிப்பது எல்லாம் என் தலையில்தான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட நிம்மதியாகக் கிரிக்கெட் பார்த்ததில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அவள் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் விதமே தனி. எங்கள் சர்ச் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. ஜன்னலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு சுவர், ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான். வண்டி வந்தால் ஆயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார். பாட்டை அப்படி நிறுத்த முடியுமா? ஜெயசீலி ஒரு வழி வைத்திருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் வலது கையைத் தலைக்கு மேலே தூக்குவாள். பிள்ளைகள் எந்த எழுத்தில் இருக்கிறார்களோ அதையே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வண்டி போனதும் கையை இறக்குவாள். பாட்டு மேலே போகும். மின்சார ரயில் என்றால் சுலபம். கூட்ஸ் வண்டி வந்தால்தான் உயிர் போகும். அதற்காகவே, ஒருத்தி மூச்சு வாங்கும்போது பக்கத்திலிருப்பவள் தாங்கிக்கொள்ளப் பழக்கியிருந்தாள். ஐம்பது பெட்டி கடந்தாலும் சுருதி இறங்காது. எங்கள் சபையில் யாரும் இதை ஒரு பெரிய விஷயமாக நினைத்ததே இல்லை.

அதிலும் சபைச் செயலாளர் ஏசுதாசன் சுத்தமாக நினைத்ததில்லை. அவருக்கு டிரம்ஸ், கிட்டார் எல்லாம் வைத்து ஒரு பேண்டு வேண்டும். “டீச்சர், காலம் மாறிடுச்சு. நீங்க இழுத்து இழுத்துப் பாடுறதக் கேட்டுட்டு யூத் எல்லாம் வேற சர்ச்சுக்குப் போறாங்க” என்பார். அந்தச் சமயம் பார்த்துத்தான் பேராயர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கதீட்ரல் ஞாயிறு ஆராதனையை டி.வி.யில் நேரலையாகக் காட்டப்போகிறார்களாம், எங்கள் பிள்ளைகள் பாட வேண்டுமாம். ஏசுதாசன் கமிட்டியில் எல்லார் முன்னாலும் சொன்னார்: “நல்லா பாடிட்டா குழு இருக்கட்டும். சொதப்பினா ஜூன்ல இருந்து பேண்டுதான். மினிட்ஸ்ல எழுதிக்கோங்க.”

அன்றைக்கு ஜெயசீலி சாப்பிடவில்லை. “பதினெட்டுப் பிள்ளைங்களையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்கங்க” என்றாள். எனக்கு ஒரு நொடி கிரிக்கெட் ஞாபகம் வந்தது உண்மை. அவள் முகத்தைப் பார்த்ததும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிறு விடியற்காலை வேன் வந்தது. டிரைவர் சுகுமார் வெள்ளை அங்கிகளைப் பார்த்து மிரண்டுவிட்டார். “இன்னா சார் இது, அத்தினியும் குட்டி ஃபாதருங்களா? துணி கசங்காம குந்துங்கம்மா” என்று ஒவ்வொருவராக ஏற்றினார். குரோம்பேட்டை தாண்டுவதற்குள் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். நல்லவேளை, ஜன்னலுக்கு வெளியே.

கதீட்ரலுக்குள் போனதும் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய கூரை, அவ்வளவு அமைதி. டி.வி.க்காரர்கள் வந்து ஜெயசீலியைப் பார்த்தார்கள். “மேடம், நீங்க நடுவுல நின்னா உங்க முதுகுதான் தெரியும். அந்தத் தூண் பக்கம் போயிடுங்க. பசங்க கேமராவப் பாத்துப் பாடட்டும்.”

“தூணுக்குப் பின்னாடி நின்னு நான் என்னத்தக் காட்டுறது?”

“லைவ் மேடம். டைம் இல்ல.”

போய்விட்டாள். அங்கேதான் வினை.

முதல் இரண்டு சரணமும் பிரமாதம். நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கே புல்லரித்தது. மூன்றாவது சரணத்தின் முடிவில் அல்லேலூயா வந்தது. சரியாக அதே நேரத்தில், கேமராவுக்குக் கீழே ஹெட்போன் மாட்டி நின்ற ஓர் ஆள், எதிர்ப்பக்கத்து கேமராக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

பதினெட்டுப் பிள்ளைகளும் ‘லூ’வில் நின்றார்கள்.

ஆர்கன்காரர் பாட்டுக்கு அடுத்த அடிக்குப் போனார். யாரும் கூட வரவில்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் இன்னும் ‘லூ’. கையை எடுத்துவிட்டார். பேராயர் கண்ணைத் திறந்தார். புத்தகத்தைப் புரட்டி, அப்படி ஏதாவது போட்டிருக்கிறதா என்று பார்த்தார். ஹெட்போன் ஆளோ பயத்தில் சிலையாகிவிட்டார். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. அட பாவி மனுஷா, கையை இறக்கித் தொலையேன்! முன்வரிசை ஓரத்தில் ஒன்பது வயது கெசியா, குழுவிலேயே சின்னவள், முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய நின்றாள். வாயை மட்டும் மூடவில்லை.

தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஜெயசீலிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அடுத்த நொடி, நீலப் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பேராயருக்கும் கேமராவுக்கும் குறுக்கே ஓடி, பிள்ளைகள் முன்னால் நின்று கையைத் தூக்கி இறக்கினாள். “யா” என்று பதினெட்டுக் குரலும் ஒன்றாக இறங்கியது. ஆர்கன் தடவித் தடவி வந்து சேர்ந்தபோது சுருதி இருந்த இடத்திலேயே இருந்தது.

டி.வி.யில் பார்த்த எங்கள் சபையாரில் பாதிப் பேருக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. கூட்ஸ் வண்டி போலிருக்கிறது என்று பொறுமையாகக் காத்திருந்தார்களாம். ஏசுதாசன் மட்டும் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்.

“நாற்பத்தியோரு செகண்ட்!” என்றார் அடுத்த ஞாயிறு கமிட்டியில். “உலகமே பாத்துச்சு. டீச்சர் வேற குறுக்க ஓடுறாங்க. மானம் போச்சு.”

“தப்பு என்னோடதுதான் சார். பிள்ளைங்களை ஒண்ணும் சொல்லாதீங்க” என்றாள் ஜெயசீலி. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் நான் கமிட்டி மெம்பர் இல்லை, டீ கொடுக்க வந்தவன்.

பிள்ளைகள் எல்லாம் வாசலில் கும்பலாக நின்றிருந்தார்கள். தன் பக்கம் நியாயம் இருக்கிறதென்று காட்ட நினைத்தாரோ என்னவோ, ஏசுதாசன் கெசியாவை உள்ளே கூப்பிட்டார்.

“பாப்பா, ஆர்கன் நின்னுடுச்சுல்ல? அப்புறமும் நீங்க ஏன் நிறுத்தல?”

“கை தூக்கியிருந்துச்சு அங்கிள்.”

“அது யாரோ டி.வி.காரன் கை. உங்க மிஸ் அங்க இல்லவே இல்லியே.”

“தெரியும் அங்கிள். யார் தூக்கினாலும் மிஸ் இறக்குறப்பதான் விடணும்.”

“சரி, மிஸ் வராமலே போயிருந்தா?”

கெசியா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை.

“வருவாங்க அங்கிள்” என்றாள்.

ஜெயசீலி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமாகவே அழுதாள். ஏசுதாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு மினிட்ஸ் புத்தகத்தை இழுத்து, பேண்டு என்று எழுதியிருந்த வரியைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார்.

“அடுத்து, தண்ணி மோட்டார் ரிப்பேர்” என்றார்.