பேத்தி எடுத்த ஸ்பிரிங்கு

பேத்தி பெரம்பலூரில் போலீஸ் வேலையில் இருக்கிறாள். துப்பாக்கி சுடும் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மூன்று ஸ்பிரிங்குகளைக் கொண்டுவந்து சோற்றுத் தட்டில் வைத்தாள். துப்பாக்கியைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. அது ஆபீசை விட்டு வராதாம்.

சுட்டதும் துப்பாக்கியின் மேல்பாகம் பின்னால் ஓடி, காலித் தோட்டாவை வெளியே தள்ளுமாம். அதைத் திரும்ப முன்னால் கொண்டுவருவது இந்த ஸ்பிரிங்கு. மூன்றில் ஒன்றைத் தன் துப்பாக்கிக்குப் பொறுக்க வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை சொன்னாள். கையில் தூக்கினால் மூன்றும் ஒரே கனம். அமுக்க எவ்வளவு பலம் வேண்டுமோ, அதுதான் எடையாம்.

"அமுக்கிப் பாரு அப்பத்தா."

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. முந்திரிக்கொட்டை உடைத்து, அந்தப் பால் பட்டுப் பட்டு விரல் மரத்து வெகுகாலம் ஆகிறது. என் மகன், அவள் அப்பன், நெஞ்சுவலியில் போனதிலிருந்து மற்றதும் அப்படித்தான். கோழிக்கறிகூடக் கஞ்சி மாதிரி இறங்கியது. அவளும் அழவில்லை. ஜீப் கதவில் விரல் நசுங்கி நகம் கறுத்தபோதும் ஒன்றும் தெரியவில்லை என்றாள்.

இருப்பதிலேயே கெட்டியானதை எடுத்தாள். "அப்பா இதத்தான் எடுத்திருக்கும்."

அவள் அப்பன் அரியலூரில் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவன். புது லாரி வந்தாலும் முதல் வேலையாக ஒரு பட்டை கூடப் போட்டு ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவான். இங்கே லாரிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். ஒருமுறை காலி லாரியில் என்னை ஜெயங்கொண்டம் கூட்டிப்போனான். பள்ளத்துக்குப் பள்ளம் தலை கூரையில் இடித்து, வெற்றிலைப் பை கொட்டி, அது பெரிய கதை.

பயிற்சியில் துப்பாக்கி சிக்கிக்கொண்டே இருந்தது. காலித் தோட்டா வெளியே விழாமல் மாட்டிக்கொள்ளும். தேர்வில் அப்படி ஆனால் அவ்வளவுதான், எடுக்க மாட்டார்கள். யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள். அவர்களுக்குக் கொடுக்கும் தோட்டாவில் மருந்து கம்மியாம். அந்த உதைக்குக் கெட்டி ஸ்பிரிங்கு அசையவில்லை.

"அப்பா பாரம் ஏத்துற வண்டிக்குப் போட்டுச்சு. எனக்கு அவ்ளோ பாரம் இல்லல்ல" என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள். மறுநாள் லேசானதை எடுத்துப்போனாள்.

தேர்வு முடிந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எடுத்துட்டாங்களாடி?"

"எடுத்துட்டாங்க. லேசு ஸ்பிரிங்குல்ல, நல்லா உதைக்குது. கை வலிக்குது அப்பத்தா."

வலிக்கிறது என்று அவள் வாயால் கேட்டு எத்தனை மாதம். எனக்கு ஒரே சந்தோஷம். நல்லெண்ணெயைச் சூடுபண்ணித் தடவினேன். என் விரலுக்குச் சூடு தெரியவில்லை. அவள் சுடுகிறது என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.