ராஜா இன்னும் கரையேறவில்லை

எண்ணூர்க் குப்பத்து மணலில் மேடை தயார். ஐந்து மணி நாடகம் ஆறாகியும் தொடங்கவில்லை. ஞாயிறுதோறும் நாடகம் தேடிப் போகிற நானும் கணவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்தில் ராணி வேடமிட்ட பெண், ராஜாவின் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு கடலையே பார்க்கிறாள்.

“எப்பம்மா ஆரம்பிப்பீங்க?” என்கிறேன்.

“ராஜா வேசம் எங்க வூட்டுக்காரருதான்க்கா. காலீல கடலுக்குப் போனாரு, இன்னும் வந்துகினே கீறாரு. கடைசி போட்டு கரையேறாம இங்க ஸ்கிரீன் தூக்க மாட்டாங்கோ.”

சொல்லிக்கொண்டே கிரீடத்தின் ஜிகினாவைப் பிய்க்கிறாள்.

ஒருவழியாகப் படகு தெரிகிறது. நனைந்த லுங்கியோடு அதில் நிற்பவர் கரையைப் பார்த்து, “யாரங்கே!” என்று கத்துகிறார். படகை இழுக்க ஆள் வேண்டுமாம். ராணி சிரித்துவிடுகிறாள்.

எத்தனையோ நாடகங்களில் இந்த வசனத்துக்குக் கைதட்டிய என் கணவர், செருப்பை உதறிவிட்டு முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்குகிறார்.