அவருக்கும் ஒரு பத்தியம்

குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று நானும் கணவரும் முடிவெடுத்த நாளிலிருந்து என் வாய்க்குப் பூட்டு விழுந்தது. பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, கோப்பி கூடாது. தேக்கா சந்தையில் மாமியார் என் பின்னாலேயே வந்து பையை எட்டிப் பார்ப்பார். தம் மகனை மட்டும் அவர் எட்டிப் பார்த்ததில்லை.

மகனோ மாதந்தோறும் வேலையாக பேங்காக் போய், அங்கே கஞ்சா இழுத்துவிட்டு வந்தார். அதை என்னிடம் பெருமையாகவே சொன்னார்.

"அங்க கடையிலயே விக்கிறாங்க லா. இங்க நான் தொடமாட்டேன்."

இந்த நாட்டவர் வெளிநாட்டில் இழுத்தாலும் இங்கே குற்றம்தான் என்பதுகூடத் தெரியாத பட்டதாரி.

"பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றேன்.

"சுமக்கப்போறது நீதானே? எனக்கும் அதுக்கும் என்ன?"

மருத்துவமனையில் டாக்டரம்மா என்னைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, உடன் வந்திருந்த கணவர் பக்கம் திரும்பினார். "சிகரெட், குடி, வேற ஏதாவது?"

"நோ டாக்டர். டெய்லி ஜிம் போறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டர், ஒரு ஆம்பள கஞ்சா பிடிச்சா, பிறக்கப்போற பிள்ளையைப் பாதிக்குமா?"

கணவர் முகம் சாம்பலானது. டாக்டர் அவரைப் பார்க்காமல் என்னிடமே பேசினார்.

"உறுதியா சொல்ல முடியாதும்மா. விலங்குகள்கிட்ட பாதிப்பு தெரிஞ்சிருக்கு. மனுஷங்கள்ல இன்னும் சரியா தெரியல. ஆனா விந்தணு குறையலாம், அதோட தன்மையும் மாறலாம். புதுசு உருவாக ஏறக்குறைய மூணு மாசம் ஆகும். அதுக்கு முன்னாடியே நிறுத்திடறது நல்லது."

டோபி காட் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது கணவர் சீறினார். "என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பாக்கிறியா?"

பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மூணு மாசம் பேங்காக் கிடையாது. அதுவரைக்கும் நீங்க ஹால்ல படுங்க," என்றேன்.

மகன் சோபாவில் கிடப்பதைப் பார்த்து மாமியார் பதறினார். "என்னம்மா இது?"

"பத்தியம் இருக்காரு அத்தை."

"ஆம்பளைக்கு என்னடி பத்தியம்?"

"அவரையே கேளுங்க."

கேட்டார். மகன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

பயணத்துக்கு வேறொருவரை அனுப்பச் சொல்லி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டார். மூன்று மாதத்தையும் காவடி எடுப்பவரைப் போல முனகிக்கொண்டே கழித்தார்.

இப்போது மகளுக்கு இரண்டு வயது. நன்றாக இருக்கிறாள். முன்பு இழுத்தது அவளைத் தொட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. போன வாரம் வீட்டுக்கு வந்த நண்பர்களிடம், "பிள்ளைக்காக நான் எவ்வளவு தியாகம் பண்ணேன் தெரியுமா?" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பதினெட்டு மணி நேரம் வலியில் கிடந்து பெற்ற நான், அவர்களுக்குத் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன்.