வாசலில் இருந்த சப்பாத்து

ஒன்ராறியோவில், வெக்ஸ்போர்ட்டில் எங்கள் மாடிக் கட்டடத்தில் பக்கத்து வீட்டில் ஒரு அன்ரி இருந்தார். மெலிந்த உருவம், கோடையிலும் ஒரு நீலச் சுவெட்டர் போட்டிருப்பார். கணவர் ஊரில் ஷெல்லடியில் செத்துப்போனார். இங்கே இரண்டு பெண் பிள்ளைகளோடு வெல்ஃபெயர் என்ற அரசாங்க உதவிப் பணத்தில் இருந்தார். தினமும் காலையில், கதவடியில் இருக்கும் ஒரு சோடி ஆம்பிளைச் சப்பாத்தைத் துடைத்து, யாரோ போட்டுக் கழற்றியதுபோல் கொஞ்சம் தள்ளி வைப்பார். வீட்டில் ஆண் இருப்பதாகப் போகிறவர் வருகிறவர் நினைக்கட்டுமாம்.

தொண்ணூற்றைந்தில் மாகாணத்தில் ஆட்சி மாறியது. வெல்ஃபெயர் எடுக்கும் பெண்ணின் வீட்டில் ஆண் இருந்தால் அவன் புருஷன்தான், அவளுக்கு உதவி இல்லை என்று புது விதி போட்டார்கள். ஒருநாள் உத்தியோகத்தர் ஒருவர் வீட்டைச் சோதிக்க வந்தார். மொழிபெயர்க்க நான் போனேன். உள்ளே வருமுன்னரே அவர் சப்பாத்தைக் காட்டி, யாருடையது என்று கேட்டார்.

"ஒருத்தற்றையும் இல்லைத் தம்பி. கள்ளருக்குப் பயத்தில பழஞ்சாமான் கடையில வாங்கி வச்சனான் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் சிரித்தபடி எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் உதவி நின்றது. ஒரு சோடி சப்பாத்தைப் புருஷனாக்கிய அரசாங்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அப்பீல் எழுதுவோம் என்று கொதித்துக்கொண்டு போனேன். கதவடியில் ஒன்றுமில்லை.

"சப்பாத்து எங்கை அன்ரி?"

"எறிஞ்சிட்டன். கள்ளருக்குப் பயந்து வச்சன், கவண்மேந்துக்குப் பயந்து எறிஞ்சிட்டன்."

அவர் அங்கே இருந்த காலம் முழுவதும் கள்ளன் ஒருவனும் அந்தக் கதவைத் தட்டவில்லை.