துரிசு போட்ட சோளன்

யுத்த காலத்தில் அரிசி பங்கீட்டுக் கூப்பனுக்குள் அடங்கிப்போனது. பிள்ளைகளுக்கு வயிறாரக் கொடுக்க வேண்டுமென்றால் மேட்டுக்காணியில் போடும் சோளன் முளைத்தாக வேண்டும். காணி என் சீதனம். அதில் புத்தி காட்டும் உரிமையை என் புருஷனுக்கு யார் கொடுத்தார்கள் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

முந்தின மாரியில் பாதி விதை பூஞ்சணம் பிடித்து மண்ணுக்குள்ளேயே அழுகியது. அதனால் அவர் மட்டக்களப்புக்குப் போய், விவசாயக் கந்தோரில் விசாரித்து, ஒரு பொட்டலம் துரிசோடு, அதுதான் மயில்துத்தத்தோடு, வந்தார். துரிசு கரைத்த நீல நீரில் விதையை நனைத்து உலர்த்திப் போட்டால் அழுகாதாம். நல்ல விஷயம்தான். நானே பழைய சட்டியொன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அதோடு விட்டால் அவர் என் புருஷன் இல்லையே. அழுகாத விதையை எவ்வளவு ஆழத்திலும் போடலாம், அப்போது அணிலும் மயிலும் கிண்டாது என்று தானாக ஒரு சட்டம் போட்டார். கூர்த்தடியை ஒரு சாண் இறங்கும் வரை குத்திக்கொண்டு போனார்.

"இஞ்சருங்க, இவ்வளவு கீழ போட்டா எப்பிடி மேல வரும்?" என்றேன்.

"துரிசு போட்டிருக்கு புள்ள. நீ பேசாம வா."

அவர் பின்னால் போனேன். குழிக்குள் விதையைப் போட்டுக் காலால் மண்ணைத் தள்ளினேன்.

மழை பெய்தது. பக்கத்துக் காணியெல்லாம் பச்சை. எங்கள் காணியில் புல்லு மட்டும். பொறுக்க முடியாமல் மண்வெட்டியால் ஒரு குழியைக் கிளறினேன். முளை மேலே வர வழியில்லாமல் சுருண்டு, வெளிறிய இலையை மண்ணுக்குள்ளேயே விரித்திருந்தது. அவர் குனிந்து விதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தியா புள்ள, அழுகல்ல."

சட்டியில் மிச்சமிருந்த விதை காணியின் ஒரு மூலைக்குத்தான் போதும். துரிசு நஞ்சு ஏறிய விதையை இடித்துத் தின்னவும் முடியாது. அதை நானே விரல் ஆழத்தில் ஊன்றினேன். தகரம் தட்டி மயில் விரட்டும் வேலையை அவருக்குக் கொடுத்தேன். அநேகமாக எல்லாம் முளைத்தது.

அந்த மூலைச் சோளன் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு நேரத்துக்குத்தான் வந்தது. மற்ற நேரமெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. "சோளன் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே தின்றார்கள்.

அந்த மூலையைப் பார்த்துவிட்டு விசாரித்தவர்களிடமெல்லாம் அவர், "எல்லாம் துரிசுட வேலை" என்றார். நான் அடுப்படியில் கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.