தோல்முட்டைக்கு ஒரு கடிதம்

மதுமதிக்கு நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழித்தீவன ஆலையில் வேலை. சோதனைக்கூடத்தில் உட்கார்ந்து மக்காச்சோளத்தின் ஈரம் பார்ப்பாள், முட்டை ஓட்டின் தடிமன் அளப்பாள். ஞாயிற்றுக்கிழமையானால் புதிதாய் வந்த கவிதைத் தொகுப்பு ஒன்றை எடுத்துவிடுவாள். படித்த கையோடு, பின்பக்கத்து முகவரிக்குக் கடிதம் எழுதாமல் எழுந்திருக்க மாட்டாள்.

போன ஆடியில் அப்படிப் படித்தது இளம்பிள்ளை சபரிநாதனின் 'தோல்முட்டை'. அவர் சேலைக்கடையில் விற்பனையாளர். அது முதல் தொகுப்பு. அம்மா வளர்க்கும் கோழி ஓடில்லாமல் முட்டையிடுவதைப் பற்றியே பதினான்கு கவிதைகள். காப்பற்ற காலத்தின் படிமம் என்று முன்னுரையில் எழுதியிருந்தது. மதுமதிக்கு இரண்டு நாள் மனசே சரியில்லை. பிறகு எழுதினாள்:

"கவிதையெல்லாம் நல்லா இருக்குதுங்க. கோழிக்குச் சுண்ணாம்புச்சத்து பத்தலைங்க. இதோட அரைக்கிலோ கிளிஞ்சல் தூள் அனுப்பியிருக்கறேன். தீவனத்துல கலந்து வையுங்க."

மூன்று வாரம் கழித்து சபரிநாதன் ஆலை வாசலில் வந்து நின்றார். கையில் கட்டைப்பை, அதற்குள்ளிருந்து கோழி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. காவலாளி வருகைப் பதிவேட்டில் 'இருவர்' என்று எழுதி உள்ளே விட்டார்.

"ஏனுங்க, நீங்க அனுப்புனதைப் போட்டதுல இருந்து இது நல்ல முட்டையா இடுதுங்க" என்றார் சபரிநாதன், குறை சொல்கிற குரலில்.

"சந்தோஷமுங்க."

"ரெண்டாவது புத்தகம் பாதியில நிக்குதுங்க. தூளை நிறுத்திட்டா பழையபடி ஆயிருமுங்களா?"

"ஆயிருமுங்க. ஆனா கோழி படுத்துரும்."

அவர் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார். மதுமதிக்குப் பாவமாகிவிட்டது.

"இருபத்தெட்டாம் பக்கத்துல ஒண்ணு இருக்குதுங்களே. உங்கம்மா கடைக்கு வந்து சேலை விலையைக் கேட்டுட்டு, உங்க கண்ணுல படாம திரும்பிப் போறது. அதுல கோழியே இல்லைங்க. அதைத்தான் நான் மூணு தடவை படிச்சேன்."

அந்தக் கவிதையைப் பற்றி யாரும் இதுவரை அவரிடம் பேசியதில்லை. அவர் பேனாவை எடுத்துப் பக்க எண்ணை உள்ளங்கையில் குறிக்கும்போதே, பைக்குள் கோழி முட்டையிட்டது. மதுமதி பழக்கதோஷத்தில் அதை உடைத்து அளந்தாள். "புள்ளி மூணு ஆறு மில்லிமீட்டர். ஓடு நல்ல தடிமனுங்க." சபரிநாதன் அதையும் குறித்துக்கொண்டார்.

தை மாதம் இரண்டாவது தொகுப்பு வந்தது. முழுக்க அம்மா. நன்றியுரையில் மதுமதியின் பெயரும் ஆலையின் முகவரியும் இருந்தன. அதுதான் வினையாகப் போயிற்று. இப்போது கவிஞர்கள் நோய் வருகிற வரிகளுக்கு அடிக்கோடு போட்டே தொகுப்பை அனுப்புகிறார்கள். போன வாரம் ராசிபுரத்துக்காரர் ஒருவர் 'முழங்காலில் அந்தி வலிக்கிறது' என்ற வரியைக் கோடிட்டு, கூடவே எக்ஸ்ரேயும் வைத்திருந்தார். மதுமதி தொகுப்பை முழுதாகப் படித்தாள். மூட்டு டாக்டர் ஒருவர் பார்க்கும் நேரத்தை விசாரித்து எழுதினாள். நாலாவது கவிதைக்குக் கடைசி இரண்டு வரி வேண்டாம் என்றும் சேர்த்தாள்.