ஏழு நிமிஷத்துக்கு எட்டு மாசம்

ஓடக் கத்துக்குடுக்குறதுதான் என் தொழில்னு சொன்னா, "நாய் துரத்துனா தானா வருது, அதுக்கு எதுக்குங்க ஒரு டீச்சர்?"னு கேக்காத ஆளை இந்த ரெண்டு மாவட்டத்துலயும் நான் இன்னும் பார்க்கல. பெரம்பலூர்ல மூணு நாள், அரியலூர்ல மூணு நாள், விடியக்காலம் அஞ்சரைக்கு மண் கிரவுண்டுல சுண்ணாம்புக் கோடு போட்டுட்டு நிப்பேன். போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சையில தேறிட்டு, ஓட்டத்துல கோட்டை விட்டவங்கதான் பெரும்பாலும் என்கிட்ட வர்றது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள்ள ஓடணும், அம்புட்டுதான். கேக்க சுலபமா இருக்கும். நீங்களும் அஞ்சு மணிக்கு அலாரம் வச்சு, அதைத் தட்டி அமுத்திட்டுத் திரும்பிப் படுத்த கட்சின்னா, இந்தக் கஷ்டம் உங்களுக்கும் தெரிஞ்சதுதான்.

பேசிக்கிட்டே ஓடு

வேல்முருகன் குன்னம் பக்கத்து ஆளு. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்து அடிக்கிறது வேலை. டேங்கை முதுகுல மாட்டிக்கிட்டு நாள் பூரா வயல்ல நடக்குறவன். அந்த நெடி நெஞ்சுல ஏறி, கண்ணு எரிஞ்சு, ராத்திரி சோறு எறங்காம கெடந்த நாளெல்லாம் உண்டு. எப்படியாவது இந்த மருந்து டேங்கைக் கழட்டி வீசணும்னுதான் போலீஸுக்குப் படிச்சான். போன தடவை ஏழு நிமிஷம் மூணு செகண்டு. மூணே மூணு செகண்டுல போச்சு. வயசு வரம்பு இந்தத் தடவையோட முடியுது, இனிமே வாய்ப்பே கெடையாது.

ஓடிக் காட்டுடான்னேன். முதல் சுத்து குண்டு மாதிரி பாஞ்சான். ரெண்டாவது சுத்துல தள்ளாடுனான். மூணாவதுல முகமெல்லாம் கோணிக்கிச்சு. தினமும் இப்படித்தான் ஓடுறியான்னு கேட்டா, ஆமாங்கிறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். இதயமும் ஒரு தசைதாங்க. நிதானமா ரொம்ப நேரம் ஓடுனா, அது ரத்தத்தை நெறையா வாங்கி நெறையா தள்ளிப் பழகும். கால் தசைக்குள்ள மயிரைவிட மெல்லிசான ரத்தக் குழாய்ங்க புதுசா முளைக்கும். தினமும் மூச்சு முட்ட ஓடுனா, உடம்புக்கு இதையெல்லாம் பண்ண நேரமே கெடைக்காது. அதனால என் கிரவுண்டுல ஒரே சட்டம்: ஓடுறப்போ முழுசா ஒரு வாக்கியம் பேச முடியணும், பேச முடியலன்னா வேகத்தைக் குறைக்கணும்.

வேல்முருகன் பேச்சே இல்லாத ஆளு. என்ன பேசுறதுன்னு முழிச்சான். தெரிஞ்சதைப் பேசுடான்னு சொல்லி, பக்கத்துல சைக்கிள்ல ஜமால் பாயை அனுப்பிச்சேன். பாய் பஸ் கண்டக்டரா இருந்து ஓய்வு பெற்றவரு, இப்ப எனக்கு விசிலும் ஸ்டாப்வாட்சும் அவருதான். நாப்பது நிமிஷம் கழிச்சுத் திரும்பி வந்து சைக்கிளை ஸ்டாண்டு போட்டுட்டுச் சொன்னாரு: "மேடம், பருத்தியில எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எத்தனை மூடின்னு நான் முழுசாக் கத்துக்கிட்டேன். இவன் ஓடுனானா இல்லையான்னுதான் எனக்குத் தெரியல."

பஸ்ஸோட பந்தயம்

செந்துறையில இருந்து மணிவேல்னு ஒருத்தன் வந்தான். மத்தவங்க ஒரு மாசத்துல எட்டுற வேகத்தை இவன் வந்த அன்னைக்கே ஓடுனான். எங்கடா பழகுனேன்னு தோண்டித் தோண்டிக் கேட்டதுல விஷயம் வெளிய வந்துச்சு. தினமும் காலையில அரியலூர் போற பஸ்ஸோட பந்தயம் விட்டிருக்கான். ஸ்டாப்புல பஸ் கெளம்புறப்போ இவனும் கெளம்புவான், அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் உசுரக் குடுத்து ஓடுவான். அங்க சனங்க ஏறி எறங்குற நேரம் மூச்சு வாங்கிக்குவான். திரும்ப பஸ் கெளம்பும், இவனும் கெளம்புவான். சிமெண்டு லாரிங்க போற ரோட்டுல இப்படி ஓடுனா உசுரு தங்குமாடான்னு வாய் வலிக்கத் திட்டுனேன்.

திட்டி முடிச்ச பெறகுதான் எனக்கு யோசனை ஓடுச்சு. கொஞ்ச நேரம் வேகமா ஓடி நாடியை உச்சிக்கு ஏத்தி, அது பாதி எறங்குறதுக்குள்ள மறுபடி ஏத்துறது. ஓட்டக்காரங்க காலங்காலமாப் பண்ற பயிற்சிதான் இது. நிதான ஓட்டத்துல இதயத்துக்குக் கொள்ளளவு வரும், இதுல அதை வேகமா இறைக்கிற தெம்பு வரும். யாரும் சொல்லித்தராம ஒருத்தன் பஸ்ஸைப் பார்த்துக் கண்டுபிடிச்சிருக்கானேன்னு எனக்கு ஆச்சரியமாப் போச்சு.

அதனால ரோட்டை விட்டுட்டு அதையே கிரவுண்டுக்குக் கொண்டாந்தோம். வாரத்துக்கு ஒரே ஒரு நாள். பாய் ரெண்டு விசில் அடிச்சா ஓடணும், ஒரு விசில் அடிச்சா நடக்கணும். வேல்முருகனும் சேர்ந்துக்கிட்டான். ஆறு தடவை ஆனதும் மணிவேல் முட்டியைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு நின்னான். "பஸ்ஸே தேவலைங்க மேடம். ஸ்டாப்புல யாராச்சும் மூட்டையோட ஏறுவாங்க, கூட ரெண்டு மூச்சு வாங்கலாம். பாய் விசிலுக்கு ஒரு கெழவிகூட ஏற மாட்டேங்குது."

வெங்காயத் தராசு

இந்த மணிவேல்தான் ஒருநாள் மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு வந்தான். சித்திரை மாசத்துல. வேர்த்தாத்தான் மேடம் உடம்பு எறங்கும், உடம்பு எறங்குனாத்தான் வேகம் வரும்னு எனக்கே பாடம் எடுத்தான். வேல்முருகனும் ஆமாஞ்சாமி போட்டான். சொன்னா கேக்குற ரகம் இல்ல ரெண்டும். சரி, எவ்வளவுதான் எறங்குதுன்னு பார்த்துடுவோம்னு எனக்கும் ஒரு ஆசை.

கிரவுண்டுக்கு எதிர்த்தாப்புல சின்ன வெங்காயம் எடை போடுற கொட்டகை இருக்கு. ஓடுறதுக்கு முன்னாடி மணிவேலை அந்தத் தராசு மேல ஏத்துனோம். ஓடிட்டு வந்ததும் ஏத்துனோம், ஒரு கிலோ கொறைஞ்சிருந்துச்சு. பய மொகத்துல அவ்வளவு பெருமை. ரெண்டு சொம்பு மோரு குடிக்கச் சொன்னேன், குடிச்சான், திரும்ப ஏத்துனோம். போன கிலோ அப்படியே வந்து உக்காந்துச்சு. வெறும் தண்ணிதாங்க அது. அதோட, அதே வேகத்துக்கு அன்னைக்கு அவன் நாடி எகிறிக் கெடந்துச்சு. ரத்தத்துல ஒரு பங்கு உடம்பைக் குளுத்த தோலுக்கு ஓடுது, காலுக்குப் போறது கொறையுது, அதை ஈடுகட்ட இதயம் கூடத் துடிக்குது. மயக்கம் போட்டு விழாம இருந்ததே பெரிய விஷயம்னு சொல்லி மழைக்கோட்டைப் பிடுங்கி வச்சுக்கிட்டேன். எடை போடுறவரு மூணு தடவையும் முகம் மாறாம எடை போட்டுட்டுக் கடைசியில கேட்டாரு: "ஈரம் கழிச்சுப் போடட்டுங்களா, ஈரத்தோடவே போடட்டுங்களா?"

நாடி நோட்டு

என்கிட்ட வர்ற எல்லாருக்கும் ஒரு நோட்டு உண்டு. காலையில முழிச்சதும், எந்திரிக்கிறதுக்கு முன்னாடி, மணிக்கட்டுல விரல் வச்சு ஒரு நிமிஷம் எண்ணி எழுதணும். வேல்முருகன் வந்தப்போ எழுபத்து நாலு. அஞ்சு மாசம் போனதும் அம்பத்து ஏழு. அதைப் பார்த்து நான் பூரிச்சுப் போயி நோட்டுல ஸ்டார் போட்டுக் குடுத்தேன். மறுநாள்லேர்ந்து ஆளு வரல. போன் அடிச்சா எடுக்கல. தேர்வுக்கு இன்னும் மூணே மாசம்தான் இருந்துச்சு.

நாலாம் நாள் அவன் பொண்டாட்டி சத்யா பெரம்பலூர் கிரவுண்டுக்கு வந்துச்சு, கையில அந்த நோட்டோட. நல்லா இருந்த மனுசனை ஓட விட்டு ஓட விட்டு நெஞ்சை அடக்கிட்டீங்களே, இன்னும் நாலு மாசம் போனா நின்னே போயிடும் போலருக்கேன்னு ஒரே அழுகை. சத்யாவோட அப்பா களத்து மேட்டுல உக்காந்தவரு அப்படியே சாஞ்சு உசுர விட்டவராம். அதுக்கப்புறம் நான் என்னத்தக் கோவப்படுறது? உக்கார வச்சுச் சொன்னேன். சின்ன வாளியில இறைச்சா தொட்டி ரொம்ப எழுபது தடவை இறைக்கணும், வாளி பெருசானா அம்பத்தஞ்சு போதும். ஒன் புருஷனுக்கு வாளி பெருசாகியிருக்கு தாயி, கெணறு வத்தலன்னேன். தலையை ஆட்டுச்சு, ஆனா நம்பல. அந்த பயத்துக்கு என் பேச்சு பத்தாதுன்னு எனக்கே தெரிஞ்சு, டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, அதுவரைக்கும் ஓட வேணாம்னு சொல்லிட்டேன்.

நெஞ்சுல ஒயர் ஒட்டி எடுத்துப் பார்த்தாங்களாம், நடக்க விட்டுப் பார்த்தாங்களாம். பத்து நாள் வீணாப் போச்சு. பதினோராம் நாள் ரெண்டு பேரும் சேர்ந்தே வந்தாங்க. டாக்டர் இதயம் ஜோரா இருக்கு, ஓடட்டும்னு சொல்லிட்டாராம். அங்கயே சத்யா தன்னோடதையும் எண்ணிப் பார்த்திருக்கு. "எனக்கு நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு, இவருக்கு அம்பத்தேழுங்க மேடம். எங்க வூட்டுல யாரு ஓடிக்கிட்டே இருக்காங்கன்னு இப்பத்தான் தெரியுது."

சும்மா இருக்குற வாரம்

ஓட்டப் பயிற்சியிலேயே கஷ்டமான பாடம் கடைசி வாரம்தான். தேர்வுக்கு முன்னாடி ஏழு நாள் ஓட்டத்தைப் பாதிக்கும் கீழ குறைக்கணும். ஓடுறப்போ உடம்பு தேயுது, ஓய்வுலதான் முன்னைவிட கெட்டியா வளருது. எட்டு மாசம் சேர்த்த தெம்பு மேல வர்றதுக்கு அந்த வாரத்தை விட்டுக் குடுக்கணும். புத்தியில எல்லாருக்கும் ஏறும், காலுக்குத்தான் ஏறாது.

மூணாம் நாளே சத்யாகிட்டருந்து போன். ஓட வேணாம்னீங்கல்ல, அதான் பக்கத்து வயலுக்கு டேங்கைத் தூக்கிட்டு மருந்தடிக்கப் போயிட்டாருன்னு. நான் போன்லயே கத்துன கத்துல பாய் ஓடி வந்துட்டாரு. அடுத்த நாள் வேல்முருகன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நின்னான். வூட்டுல உக்காந்தா மூணு செகண்டுதான் கண்ணு முன்னாடி வருதுன்னான். அப்புறம் கேட்டான்: "ஓடுறதுக்கு உங்ககிட்ட வந்தேன் மேடம். சும்மா இருக்கக் கத்துக்கணும்னா யாருகிட்டங்க போறது?"

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம்

தேர்வு திருச்சியில. வெளியாளுங்களை உள்ள விடமாட்டாங்க. கம்பி வேலிக்கு வெளிய ரோட்டோரமா நானும் சத்யாவும் ஜமால் பாயும் நின்னோம். என் கணக்கு எளிசானது. மொத்தம் மூணே முக்கால் சுத்து. சுத்துக்கு ஒரு நிமிஷம் அம்பது செகண்டு, கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். முதல் சுத்துல எல்லாரும் உன்னைத் தாண்டிப் போவாங்க, போகட்டும், நீ பார்க்கவே கூடாதுன்னு நூறு தடவை சொல்லியிருந்தேன்.

விசில் அடிச்சாங்க. அத்தனை பேரும் பாஞ்சாங்க. முதல் சுத்து முடியுறப்போ வேல்முருகன் கடைசி ஆளு. அவனுக்கு முன்னாடி இருந்தவனுக்கும் இவனுக்கும் நடுவுல ஒரு லாரியே நிறுத்தலாம். பாய் வாட்சைப் பார்த்துட்டு சரியா ஒண்ணு அம்பதுன்னாரு. அது என் காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல. எட்டு மாசம், கடைசி வாய்ப்பு, அந்தப் பொண்ணு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. என்னையும் அறியாம வேலியில கால் வச்சு ஏறி, "ஓடுறா, வேகமா ஓடுறா"ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். காவலுக்கு நின்ன போலீஸ்காரரு வந்து எறங்குங்கம்மான்னாரு. எறங்குற மாதிரி எறங்கிட்டுத் திரும்பவும் கத்துனேன். வேல்முருகன் இந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

ரெண்டாவது சுத்துல முன்னாடி போனவங்க ஒவ்வொருத்தரா இடுப்புல கை வைக்க ஆரம்பிச்சாங்க. இவன் அதே நடையில வந்து ஒருத்தனைத் தாண்டுனான், அப்புறம் இன்னும் ரெண்டு பேரை. மூணாவது சுத்துல பாதிப் பேரு இவனுக்குப் பின்னாடி. கடைசி முக்கால் சுத்துல மிச்சம் வச்சிருந்ததையெல்லாம் எடுத்து விட்டான். பாய் வாட்சுல ஆறு நாப்பத்தெட்டு. ஆனா அது வேலிக்கு வெளிய பிடிச்ச வாட்சு, அதை நம்பிச் சந்தோஷப்பட பயமா இருந்துச்சு. இன்ஷா அல்லா, இன்ஷா அல்லான்னு பாய் வாய்க்குள்ளயே முணுமுணுத்துக்கிட்டு இருந்தாரு.

ஒன்றரை மணி நேரம் கழிச்சு வெளிய வந்தான். ஓட்டத்துல தேறிட்டான், அடுத்த கட்டத்துக்கு வரச் சொல்லிட்டாங்க. சத்யா ரோட்டுலயே உக்காந்துருச்சு. நானும் அழுதேன், எனக்கு அதுல வெக்கமே இல்ல. அவன் ஒரு பாட்டில் தண்ணியையும் குடிச்சு முடிச்சான், வாயைத் தொடைச்சான், என்னைப் பார்த்தான். எட்டு மாசத்துல அவன் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான். "முதல் சுத்துலயே நீங்க கத்துனது நல்லாக் கேட்டுச்சுங்க மேடம். நீங்க பழக்கி விட்டதாலதான், நீங்க சொன்னதைக் கேக்காம ஓடுனேன்."

ஒரு மனுசனோட இதயத்தை எட்டு மாசத்துல வழிக்குக் கொண்டாந்துடலாம்ங்க, வேலிக்கு வெளிய நிக்குறவ வாயை வழிக்குக் கொண்டார என்ன பயிற்சின்னுதான் எனக்கு இன்னும் பிடிபடல.